பவுண் கணக்கும் வெள்ளிக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

போன இதழில "அம்மம்மாட தகரப் பெட்டிக்குள்ள பழைய வெள்ளி ரூபாக் குத்தி கிடந்தா உடன வித்துப்போடாதேங்கோ, முதல்ல நிறுத்துப் பாருங்கோ" எண்டு கடைசியில போறபோக்கில ஒரு வரி எழுதினன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாம். மரவள்ளி நோய் பற்றி முழுப்பக்கம் எழுதினதுக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. சரி, தங்கமும் வெள்ளியும் எண்டா ஆருக்குத்தான் காது நீளாது. என்ர அப்பா திருமலை டவுனுக்குள்ள ஒரு நகைக்கடைப் பட்டறையில முப்பது வருசம் இருந்தவர், அதால இதில எனக்குக் கொஞ்சம் வாய் கூட. பொறுத்துக்கொள்ளுங்கோ.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: என்ர அம்மம்மா சொல்லுவா, தன்ர அம்மாவுக்குக் கலியாணம் பேசேக்க பவுண் பதினைஞ்சு ரூபாதானாம். இப்ப பவுண் லட்சக்கணக்கில நிக்குது. அப்ப தங்கம் உண்மையிலயே அவ்வளவு மலிவா? எங்களிட்ட விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபா ஒண்டும் இருக்கு.

அம்மம்மா சொன்னது சரிதான் பிள்ளை, ஆனா அந்தப் பதினைஞ்சு ரூபாய்க்குள்ள ஒரு சூட்சுமம் இருக்கு.

முதல்ல பவுண் எண்டா என்ன? இப்ப நாங்க எட்டுக் கிராம் எண்டு சொல்லுறம். அந்த எட்டு வானத்தில இருந்து விழேல்ல. வெள்ளைக்காரன்ட சொவரின் எண்ட தங்கக் குத்தி 7.99 கிராம், 22 கரட், அதுக்குள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அதுதான் ஒரு பவுண் ஸ்டேர்லிங். தமிழ்நாட்டுக்காரர் சொவரினப் பிடிச்சு "சவரன்" எண்டாங்க, நாங்க பவுண்டப் பிடிச்சு "பவுண்" எண்டம். குத்தி போயிட்டுது, நிறை மட்டும் தாலிக்கொடியில தொங்கிக்கொண்டு நிக்குது.

இனி உங்கட வெள்ளி ரூபாவக் கையில எடுங்கோ. தேயாமல் இருந்தா 11.66 கிராம் நிக்கும், அதாவது பழைய பத்தர்மார்ட நிறைக் கணக்கில சரியா ஒரு தோலா. அப்பாட பட்டறையில தோலாப் படி தொலைஞ்ச நேரம் இந்த ரூபாவத் தராசில போட்டு நிறுத்ததக் கண்ணால கண்டிருக்கிறன். பன்னிரண்டில பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு, சுத்த வெள்ளி எண்டு பாத்தா 10.69 கிராம். 1835இல கிழக்கிந்தியக் கம்பனி இந்த ரூபாவ அடிக்கேக்க அதே நிறையில, அதே கலப்பில ஒரு தங்க மொகராவும் அடிச்சது, ஒரு மொகரா 15 ரூபா. நிறையும் ஒண்டு, கலப்பும் ஒண்டு, அப்ப கணக்குப் போடவே தேவையில்ல, ஒரு பங்கு தங்கத்துக்கு பதினைஞ்சு பங்கு வெள்ளி. உலகச் சந்தையிலயும் அந்தக் காலத்தில ஏறக்குறைய அதுதான், பிரான்ஸ்காரன் பதினைஞ்சரை எண்டு சட்டமே போட்டு வச்சிருந்தவன். அந்தக் கணக்கில ஒரு சொவரினுக்கு பத்து ரூபாவும் கொஞ்சச் சில்லறையும்.

அப்ப பதினைஞ்சு ரூபா எங்கால வந்தது? 1871இல இருந்து 1873க்குள்ள ஜேர்மனி தங்கத்துக்கு மாறி, கையில கிடந்த வெள்ளிய விக்க வெளிக்கிட்டுது, 1873இல அமெரிக்காவும் வெள்ளியக் கைவிட்டுது, அதே நேரம் பாத்து நெவாடாப் பக்கம் சுரங்கத்தில வெள்ளி கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, வாங்க ஆளில்ல, விலை வழுக்கினது. 1870களின்ர தொடக்கத்தில ஒரு ரூபா ரெண்டு சிலிங்குக்குக் கிட்ட நிண்டது (சொவரினுக்கு இருபது சிலிங், சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்), இருபது வருசத்தில ஒரு சிலிங் மூண்டு பென்சுக்கு இறங்கிட்டுது. சொவரின் பத்து ரூபாவில இருந்து பதினாறுக்கு ஏறிட்டுது. தங்கம் ஏறின மாதிரித்தான் இருக்கும், ஆனா கீழ போனது ரூபா. எங்கட நாட்டிலயும் அப்ப ஓடினது அதே இந்திய ரூபாதான், சதக் கணக்கு மட்டும் 1872இல எங்களுக்கெண்டு தனியா வந்தது.

கடைசியில 1893 ஜூன் 26ஆம் திகதி இந்திய அரசாங்கம் ஒரு வேலை செய்தது. அதுவரைக்கும் ஆரும் வெள்ளிக் கட்டியக் கொண்டுபோய் நாணயசாலையில குடுத்தா ரூபாவா அடிச்சுத் தருவாங்க. அண்டையோட அந்தக் கதவ மூடினாங்க. புழங்கிற ரூபா தட்டுப்பாடாகி, அதின்ர மதிப்பு ஒரு சிலிங் நாலு பென்ஸ் எண்டு நிலைக்கு வந்தது, அதாவது சொவரினுக்கு 15 ரூபா. அம்மம்மா சொன்ன பதினைஞ்சு இதுதான். இப்ப கணக்குப் பாருங்கோ, பதினைஞ்சு ரூபாய்க்குள்ள சுத்த வெள்ளி 160 கிராம், பவுணுக்குள்ள தங்கம் 7.32 கிராம், 22 பங்கு வருது. ஆனா அந்த நேரம் லண்டன் சந்தையில ஒரு பங்கு தங்கத்துக்கு முப்பது பங்கு வெள்ளிக்கு மேல குடுக்கோணும். அப்ப மிச்ச எட்டுப் பத்துப் பங்கு எங்க? அது ராணிட தலைக்கு. குத்தியில கிடந்த வெள்ளியவிடக் குத்தியில கிடந்த தலைக்கு விலை கூடின காலம் அது.

அதால தங்கம் மலிவா எண்டு கேட்டா இல்ல எண்டுதான் சொல்லுவன். பதினைஞ்சு ரூபாவ ஒரு கையில ஏந்தினா 175 கிராம் பாரம் இருக்கும், மற்றக் கையில பவுண் எட்டுக் கிராமும் இல்ல. உங்கட பூட்டம்மாட அப்பா அந்தப் பாரத்த எண்ணி எண்ணித்தான் வச்சிருப்பார்.

சாம்பல்தீவு வாசகர்: எல்லாப் பழைய ரூபாவும் வெள்ளிதானா? கடைக்காரர் ஒருத்தர் என்னட்ட இருந்தத "பாதி வெள்ளி" எண்டு சொல்லி விலையக் குறைச்சுப்போட்டார்.

வருசத்தப் பாருங்கோ. 1940க்கு முந்தினது எண்டா பன்னிரண்டில பதினொரு பங்கு. 1940இல யுத்தச் செலவுக்காகப் பாதிக்குப் பாதி ஆக்கினாங்க. 1947இல வெள்ளியே இல்ல, நிக்கல். ஆறாம் ஜோர்ஜ் தலை எண்டா கடைக்காரர் சொன்னது சரியா இருக்கலாம், விக்டோரியா தலை எண்டா அவர் உங்கள ஏமாத்திப்போட்டார். எங்கட சிலோன் வெள்ளிச் சதக் குத்திகள், அதான் 1892இல வந்த பத்து, இருபத்தைஞ்சு, ஐம்பது, அதுகள் தொடக்கத்திலயே நூற்றுக்கு எண்பதுதான்.

மூதூரிலிருந்து ஒரு ஆசிரியர்: எங்கட ஊரில பிடிபட்ட ரொபட் நொக்ஸ் அந்தக்காலக் காசு பற்றி எழுதியிருக்கிறாராம். அதில தங்கக் காசு இருந்ததா? பிள்ளையள் கேக்குதுகள்.

சேர், இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தரலாம்.

நொக்ஸ் இங்கிலீஸ் கப்பல்காரர், 1660இல கொட்டியாரக் குடாவில கப்பல் திருத்த வந்த இடத்தில தகப்பனும் மகனுமாப் பிடிபட்டு, தகப்பன் மலைநாட்டில காய்ச்சலில செத்து, மகன் 1679இல தப்பி ஓடி, 1681இல லண்டனில புத்தகம் போட்டவர். அதில கண்டி ராச்சியத்தில ஓடின காசு மூண்டு வகை எண்டு எழுதுறார்.

முதலாவது, போத்துக்கீசன் அடிச்சது, பேர் "தங்கொம் மாச". பேரக் கேட்டவுடன எங்கட ஆக்கள் தங்கம் எண்டு துள்ளுவாங்க. ஆனா விலை ஒன்பது இங்கிலீஸ் பென்ஸ் எண்டு அவரே சொல்லுறார். அந்தக்கால இங்கிலாந்தில ஒன்பது பென்ஸ் எண்டா நாலரைக் கிராம் அளவு வெள்ளி. அதே நிறையில தங்கமா இருந்தா பத்து சிலிங்குக்குப் போயிருக்கும். அப்ப தங்கொம் தங்கமில்ல, "தங்கா" எண்ட வெள்ளிக்காசுப் பேர்தான் இப்பிடித் திரிஞ்சு நிக்குது.

ரெண்டாவது, தூண்டில் மாதிரி வளைச்ச வெள்ளிக் கம்பி. சிங்களத்தில ரிதி, பாரசீகத்து லார் ஊரில இருந்து வந்ததால லாரின் எண்டும் சொல்லுறது. ராசாட அனுமதியோட ஆரும் செய்யலாம், விரும்பின முத்திரை குத்தலாம். அப்ப கலப்படம்? அதுக்குத்தான் அவர் ஒரு வேலை சொல்லுறார், சந்தேகம் வந்தா நெருப்பில போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணிக்குள்ள போடுவாங்களாம், பால் மாதிரி வெளுப்பா வந்தாத்தான் காசு, இல்லாட்டிச் செல்லாது. இத வாசிச்ச நேரம் எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது சேர். எங்கட அப்பா அரைஞாண் கொடி உருக்க முதல் இதையேதான் செய்வார். குறட்டால பிடிச்சு, குழாயால ஊதி, சிவந்த உடன மண்சட்டித் தண்ணிக்குள்ள "சீ" எண்டு விடுவார். செம்பு கலந்திருந்தா கறுத்துப்போய் வரும், நல்ல வெள்ளி பூ மாதிரி வரும். முந்நூறு வருசத்தில வேற ஒண்டும் மாறேல்ல, மண்சட்டி மட்டும் பிறகு எவர்சில்வர் சட்டியா மாறினது.

மூண்டாவதுதான் உங்கட பிள்ளையளுக்கான காசு. பேர் "பொன்னம்". ராசாவத் தவிர ஆரும் அடிச்சா மரணதண்டனை. மினுக்குப் பொட்டு அளவுதான், எழுபத்தைஞ்சு சேந்தா ஒரு ஸ்பானியத் தொலர். இது பொன்னா வெள்ளியா? பேரப் பாத்தாப் பொன், எங்கட "பணம்" எண்ட குட்டித் தங்கக்காசு இந்தப் பக்கமெல்லாம் ஓடினதுதான். ஆனா கணக்கப் பாருங்கோ. ஸ்பானியத் தொலரில சுத்த வெள்ளி இருபத்தைஞ்சு கிராம் சொச்சம், அத எழுபத்தைஞ்சால பிரிச்சா ஒண்டுக்கு 0.34 கிராம், ஏறக்குறைய மூண்டு குன்றிமணி நிறை. பொட்டு அளவுக்கு அது சரியா வருது. தங்கமா இருந்தா அதில பதினைஞ்சில ஒரு பங்கு, குன்றிமணியில அஞ்சில ஒண்டு, மூச்சு விட்டாப் பறந்துபோம். அதால அவர் சொன்ன விலை சரியெண்டா அந்தப் பொன்னம் வெள்ளி, இல்லாட்டித் தங்கம் பேருக்கு மணந்த கலப்பு. பிள்ளையளிட்ட இந்தப் பிரித்தலக் குடுத்துப் பாருங்கோ, சரித்திரமும் கணக்கும் ஒரே பாடத்தில முடிஞ்சுபோம்.

கிண்ணியா வாசகர்: வெள்ளி ஒரு காலத்தில தங்கத்தவிட விலை கூடவா இருந்தது எண்டு ஒரு கூட்டாளி அடிச்சுச் சொல்றாரு. நம்பலாமா?

நம்பலாம் நானா, எகிப்தில. அங்க நைல் பக்கத்திலயும் நூபியாவிலயும் தங்கம் கிடைச்சது, வெள்ளி வெளியில இருந்து வரோணும். அதால ஆகப் பழைய ராச்சிய காலத்தில வெள்ளிக்குத்தான் மதிப்பு, பிறகு மெல்ல மெல்லத் தங்கம் மேல வந்து ஒண்டுக்கு ரெண்டு எண்டு நிண்டது. ஆனா அப்ப அங்க நாணயம் அடிக்கிற பழக்கம் இல்ல, நிறுத்துத்தான் குடுத்தாங்க. கூட்டாளி பந்தயம் கட்டியிருந்தா பாதிப் பந்தயத்தக் குடுங்க.

உப்புவெளியிலிருந்து ஏ.எல். மாணவி: சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி, அதால 365 நாள 27 நட்சத்திரத்தால பிரிச்சாத்தான் தங்கத்தின்ர பழைய விலை வருது எண்டு ஒரு வீடியோ பாத்தன். உண்மையா?

தங்கச்சி, கணக்கு வடிவாத்தான் வருது. சந்திரன் ஒரு சுத்துச் சுத்த 27.3 நாள், 365அ அதால பிரிச்சா 13.4. பாரசீக ராசா தாரியஸ் அடிச்ச தங்கக் காசு 8.4 கிராம், வெள்ளிக் காசு 5.6 கிராம், இருபது வெள்ளி ஒரு தங்கம், அப்ப 112அ 8.4ஆல பிரிச்சா 13.3. ஹெரோடோட்டஸ் எண்ட கிரேக்கரும் தங்கம் வெள்ளியப்போல பதின்மூண்டு மடங்கு எண்டுதான் எழுதி வச்சிருக்கிறார். இதக் கண்டுதான் ஆராவது ஆகாயத்தப் பாத்திருப்பாங்க.

ஆனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணினா 29 அரை நாள், அப்ப 12.4தான் வரும். எந்த மாதத்த எடுக்கிறது எண்டு விடையப் பாத்துப்போட்டுத் தெரிவு செய்தா அது விஞ்ஞானமில்ல, சாத்திரக்காரன்ட வேலை. அதவிட, வானம்தான் விலை போட்டதெண்டா அலெக்சாண்டர் வந்த உடன சந்திரன் வேகமாச் சுத்தினதா? அந்தாள் பாரசீகக் கஜானாவ உடைச்சுத் தங்கத்த ஊருக்குள்ள விட்ட காலத்தில தங்கம் பத்துக்கு இறங்கிட்டுது, அவன்ட 8.6 கிராம் தங்கக் காசுக்கு 4.3 கிராம் வெள்ளிக்காசு இருபது, நீரே பெருக்கிப் பாரும். ரோமாபுரியில அகுஸ்தஸ் காலத்தில பன்னிரண்டு சொச்சம். கஜானாவும் சுரங்கமும் கப்பலும்தான் விலை போடுது. வீடியோக்காரருக்கு வியூஸ் வேணும், விடும்.

நிலாவெளியில கெஸ்ட்ஹவுஸ் நடத்துற வாசகர்: வெளிநாட்டுக்காரர் வந்து இலங்கையில ரோமக் காசு கிடைச்சதாமே எண்டு கேக்கிறாங்க. அவங்களுக்குச் சொல்ல நல்ல கதை ஒண்டு தாங்கோ. தங்கம், வெள்ளி ரெண்டும் வாற கதையா இருந்தா நல்லம்.

ரெண்டு கதை இருக்கு, ரெண்டும் எழுதி வச்ச கதை. கெஸ்ட்ஹவுஸ் வராந்தாவுக்கு ரெண்டாவதுதான் பொருத்தம், ஆனா எனக்குப் பிடிச்சது முதலாவது.

குளோடியஸ் சக்கரவர்த்தி காலம், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில, செங்கடலில வரி எடுக்கிற ஒருத்தன்ட ஆள் காத்தில அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்றான். ராசா அவன்ட பொக்கற்றில கிடந்த டெனாரியஸ் எண்ட வெள்ளிக் காசுகள எடுத்துப் பாக்கிறார். ஒவ்வொண்டிலயும் வேற வேற ஆளின்ர தலை, ஆனா தராசில போட்டா எல்லாம் ஒரே நிறை. "தலை மாறியும் நிறை மாறேல்லையே, இவங்கள் நேர்மையான ஆக்கள்" எண்டு வியந்து ரோமுக்குத் தூது அனுப்பினார் எண்டு பிளினி எண்ட ரோம எழுத்தாளர் எழுதுறார். கெட்டிக்கார ராசா, தலையப் பாக்கேல்ல, தராசப் பாத்திருக்கிறார். இதில சிரிப்பு என்னெண்டா, பத்து இருபது வருசம் கழியேல்ல, கி.பி. 64இல நீரோ வந்து அந்த நிறையில கை வச்சிட்டான். ஒரு றாத்தல் வெள்ளியில 84 அடிச்சத 96 ஆக்கி, வெள்ளிக்குள்ள செம்பையும் கூடக் கலந்தான். தென்னிந்தியப் பக்கம் புதையலாக் கிடைக்கிற ரோம வெள்ளிக் காசில அகுஸ்தஸ், திபேரியஸ் தலைதான் கூட, நீரோவுக்குப் பிந்தினது கொஞ்சம். எங்கட பக்கத்து வியாபாரியள் நிறுத்துத்தான் வாங்கியிருக்கினம் எண்டதுக்கு வேற சாட்சி தேவையா?

ரெண்டாவது கதை ஆறாம் நூற்றாண்டு, கொஸ்மாஸ் எண்ட எகிப்துப் பக்கத்து வியாபாரி எழுதினது. சோபத்ரோஸ் எண்ட ரோமக்காரனும் ஒரு பாரசீகனும் ஒரே நேரம் இலங்கை ராசாவுக்கு முன்னால நிக்கினம். "உங்கட ரெண்டு ராசாவில ஆர் பெரியவர்?" எண்டு ராசா கேக்கிறார். பாரசீகன் முந்திக்கொண்டு தன்ர ராசாவப் புழுகித் தள்ளுறான். ரோமக்காரன் வாயே திறக்கேல்ல. கடைசியில "ரெண்டு ராசாவும் இஞ்சதான் இருக்கினம், பாருங்கோ" எண்டு ரெண்டு காசையும் நீட்டுறான். ஒண்டு தகதகவெண்டு தங்கம், மற்றது வெள்ளி. ராசா ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்து ரோமாபுரிதான் பெரிசெண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டார், சோபத்ரோஸ ஆனையில ஏத்தி மேளம் அடிச்சு ஊர்வலம் விட்டாங்களாம்.

வெளிநாட்டுக்காரர் கைதட்டுவாங்க. ஆனா எனக்கு அந்தப் பாரசீகன நினைச்சாப் பாவமா இருக்கு. ரோமத் தங்கக் காசு நாலரைக் கிராம், பாரசீக வெள்ளிக் காசு நாலு கிராம் சொச்சம், ஒண்டுக்கு ஒண்டு வச்சா எவன்தான் வெள்ளிக்குக் கை நீட்டுவான்? நீதியாப் பாத்தா அந்த ஒரு தங்கத்துக்கு எதிர்ல பதினாலு பதினைஞ்சு வெள்ளிய அடுக்கி வச்சிருக்கோணும். அதோட பாரசீகன்ட வெள்ளி எவ்வளவு சுத்தம் தெரியுமோ, இந்தியாவில இருந்து மத்திய ஆசியா மட்டும் அதப் பாத்துத்தான் மற்றவங்க காசு அடிச்சாங்க. வழக்குப் பேசத் தெரியாமத் தோத்துப்போனான். முதல் கதையில வந்த ராசா எண்டா தராசு கேட்டிருப்பார்.

தம்பலகாமம் வாசகர்: ஒரே தங்கம், ஒரே வெள்ளி. பிறகேன் ஒரு நாட்டில ஒரு கணக்கு, இன்னொரு நாட்டில இன்னொரு கணக்கு?

ஐயா, தம்பலகாமத்தில நெல்லு மூட்டை ஒரு விலை, திருமலைச் சந்தையில ஒரு விலை. இடையில ஓடுற லொறிக்காரன் வாழுறான். அதே கதைதான், லொறிக்குப் பதிலாக் கப்பல்.

1600ஐ ஒட்டி ஸ்பெயினில ஒரு பங்கு தங்கத்துக்குப் பன்னிரண்டு பதின்மூண்டு பங்கு வெள்ளி, சீனாவில ஆறோ ஏழோதான். தென்னமெரிக்காவில ஸ்பானியர் பொத்தோசி மலையில வெட்டின வெள்ளி அவ்வளவும் ஏன் கிழக்க வந்தது எண்டு இப்ப விளங்கும். இங்கிலாந்தில 1717இல, அப்பிள் விழுந்த கதையில வாற அதே நியூட்டன்தான் நாணயசாலைப் பொறுப்பு, தங்க கினிய 21 சிலிங் எண்டு நிப்பாட்டினார், அது வெள்ளிக்குக் கொஞ்சம் நட்டமான விலை. என்ன நடந்தது? நல்ல வெள்ளிச் சிலிங்கெல்லாம் உருகிக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்துட்டுது, அங்க மிஞ்சினது தேஞ்ச குத்தியள். அவ்வளவு பெரிய மூளைக்காரருக்கே சந்தை தண்ணி காட்டிப்போட்டுது. வானத்தில கோள் எங்க நிக்கும் எண்டு சொன்ன மனிசன், வெள்ளி எங்க நிக்கும் எண்டு சொல்ல முடியேல்ல.

ஆனா ஆக மோசமா மாட்டினது யப்பான்காரர். இருநூறு வருசத்துக்கு மேல கதவச் சாத்தி வச்சிருந்ததால அவங்கட ஊருக்குள்ள ஒண்டுக்கு அஞ்சுதான், வெளியில பதினைஞ்சரை. 1859இல துறைமுகம் திறக்குது, ஒப்பந்தத்தில வெள்ளிக்கு வெள்ளி நிறைக்கு நிறை மாத்தலாம் எண்டு எழுதிப்போட்டாங்க. இப்ப நீங்க ஒரு வெள்ளைக்கார வியாபாரி எண்டு வையுங்கோ. மெக்சிக்கோ வெள்ளித் தொலர் நாலு கொண்டுபோறீங்க. தொலருக்கு மூண்டு படி பன்னிரண்டு இச்சிபு வெள்ளிக் காசு தருவாங்க. நாலு இச்சிபு ஒரு கொபன், அதான் தங்கக் காசு, அப்ப பன்னிரண்டுக்கு மூண்டு கொபன். அத மடியில கட்டிக்கொண்டு சங்காய்க்குப் போய் வித்தா பன்னிரண்டு தொலர் மாதிரி வரும். நாலு பன்னிரண்டாகுது, திரும்பி வந்து திருப்பிச் செய்யலாம். சாமான் ஏத்தத் தேவையில்ல, விளையத் தேவையில்ல. அடுத்த வருசமே, 1860இல, யப்பான் கொபனச் சின்னனாக்கி ஓட்டைய அடைச்சுது, ஆனா அதுக்குள்ள போன தங்கம் போனதுதான். நகைக்கடையில அப்பா சொல்லுவார், "விலை தெரியாதவன்ட்ட விக்கிறவனும் வருவான், வாங்கிறவனும் வருவான், ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டுதான் போவாங்கள்" எண்டு.

எங்கட பக்கத்துக் கணக்கும் கேளுங்கோ. 1796இல இருந்து 1798 வரை இஞ்ச மதராஸ் கம்பனி ஆட்சி. அவங்கட வராகன் தங்கம், வடக்கத்தி ரூபா வெள்ளி, நூறு வராகனுக்கு 350 ரூபா எண்டு 1818இல முடிவு கட்டினாங்க, அதுகளுக்குள்ள கிடந்த சுத்த வெள்ளியின்ர நிறையச் சுத்தத் தங்கத்தின்ர நிறையால பிரிச்சுப் பாத்தா பதினாலுக்குக் கொஞ்சம் கீழ வருது. தெற்கு முழுக்கத் தங்கத்தில யோசிச்ச நாடு, அதுக்குப் பிறகுதான் வெள்ளியில யோசிக்கத் தொடங்கினது.

பாலையூற்று வாசகி: பணம், காசு, சல்லி, துட்டு, ரூபா. இதில எது தங்கம், எது வெள்ளி?

நல்ல கேள்வி, எல்லாத்தையும் ஒரே பேர்ஸுக்குள்ள போட்டுக்கொண்டு திரியுறம். பணம் குட்டித் தங்கக் காசு. ரூபா வடமொழியில வெள்ளி எண்ட சொல்லில இருந்து வந்தது. காசு சோழர் காலத்தில பொன்னாயும் இருந்தது, பிறகு செம்பாப் போச்சு. சல்லி செப்புச் சில்லறை, இண்டைக்கு எங்கட கிழக்கில கோடீசுவரனும் "கையில சல்லி இல்ல" எண்டுதான் சொல்லுறான். துட்டு ஒல்லாந்தன்ட டொயிட் எண்ட செப்புக் காசு, கோட்டை கட்டினவன் போயிட்டான், துட்டு நிக்குது.

லிங்கநகர் வாசகர்: இப்ப தங்கம் வாங்கட்டோ வெள்ளி வாங்கட்டோ? பழைய பதினைஞ்சு திரும்பி வருமா?

தம்பி, நான் சாத்திரம் சொல்லுறதில்ல எண்டு மேல தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டன். 1980 ஜனவரியில ஒரு கிழமை பதினேழு மட்டும் வந்தது, அதுகும் வெள்ளிய ஒளிச்சு வச்சு ஏத்தின விலை, மார்ச்சில விழுந்துபோச்சு. 2020 மார்ச்சில கொரோனாப் பயத்தில நூற்றிருபதையும் தாண்டினது. இப்பிடி ஆடுறதுக்குப் பேர் ஊஞ்சல். இவ்வளவுக்கும் சுரங்கத்தில இருந்து வருசத்துக்கு வாறது தங்கம் மூவாயிரம் தொன்னுக்கு மேல, வெள்ளி இருபத்தையாயிரம் தொன் அளவு, ஒண்டுக்கு எட்டுத்தான். அதப் பாத்துப்போட்டு எட்டுக்கு வரும் எண்டு நம்பி வாங்கினவங்க கிழவனாகிட்டாங்க. தங்கத்தத் தோண்டி ஆரும் தின்னுறதில்ல, எல்லாம் எங்கயோ பெட்டிக்குள்ள கிடக்கு, வெள்ளி பாதிக்கு மேல பக்டரிக்குள்ள போகுது. தங்கச்சிக்குக் கலியாணம் இருந்தா தங்கம் வாங்கும், அடைவு வைக்கிறதுக்கும் அதுதான் உதவும். வெள்ளி கடல்காத்துக்குக் கறுக்கும், பிறகு என்னைத் திட்டாதேயும்.

குச்சவெளி வாசகர்: கிணறு வெட்டேக்க மஞ்சள் நிறத்தில ஒரு சின்னக் குத்தி கிடைச்சிருக்கு. ஒரு பக்கம் ஆள் நிக்குற மாதிரி. தங்கமோ பித்தளையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? பத்தரிட்டக் குடுத்து உரசிப் பாக்கட்டோ?

ஐயோ, உரசாதேங்கோ! அசிட்டும் வேணாம், புளி, பிராசோ ஒண்டும் வேணாம். மண் ஒட்டியிருந்தா அந்த மண்ணோட இருக்கட்டும்.

தண்ணியால பாக்கலாம். கிராமில நூறில ஒரு பங்கு காட்டுற சின்ன இலெக்ரோனிக் தராசு ஒண்டு எடுங்கோ. முதல்ல குத்திய அப்பிடியே நிறுங்கோ. பிறகு ஒரு கிளாசில தண்ணி எடுத்து அதத் தராசில வச்சுப் பூச்சியமாக்கி, குத்திய மெல்லிய நூலில கட்டித் தண்ணிக்குள்ள முழுசாத் தாழ விடுங்கோ, அடியில முட்டக்கூடாது, காத்துக் குமிழி ஒட்டக்கூடாது. இப்ப தராசு காட்டுற எண்ணால முதல் நிறையப் பிரியுங்கோ. சுத்தத் தங்கமெண்டா 19ஐ ஒட்டி வரும், வெள்ளி பத்தரை, பித்தளை எட்டரை. இஞ்சத்தப் பழைய தங்கக் கஹவணு நாலரைக் கிராமுக்குக் கொஞ்சம் கீழதான், அதிலயும் ஒரு பக்கம் ஆள் நிக்கும். அந்த நிறையில தங்கமெண்டா தராசு 0.23 அளவு காட்டும், பித்தளை எண்டா 0.52. கலப்புத் தங்கமெண்டா இடையில வரும்.

ஒண்டு சொல்லிப்போடுறன், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நிலத்துக்குள்ள இருந்து எடுத்த பழம் பொருள அறிவிக்கோணும், வித்தா மாட்டுவீங்க. கிராம சேவகரிட்டயோ தொல்பொருள் திணைக்களத்திலயோ சொல்லுங்கோ, கிணத்தில எத்தினை அடியில கிடைச்சது எண்டதயும் எழுதிக் குடுங்கோ, காசவிட அவங்களுக்கு அதுதான் பெறுமதி. குடுக்க முதல் ரெண்டு பக்கத்தையும் வெயிலில வச்சு, பக்கத்தில ஒரு அடிமட்டம் போட்டு, படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கோ. ஆள் நிக்கிற கையில என்ன வச்சிருக்கு எண்டு பாக்கோணும்.